ஒலியை வடிகட்டிய வித்தகர் ராபர்ட் மோக்

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

டீயை வடிகட்டிப் பார்த்திருக்கிறோம். தண்ணீரை வடிகட்டிப் பார்த்திருக்கிறோம். ஒலியை வடிகட்ட முடியுமா நண்பர்களே? முடியும்! நம் பாடத்திலேயே லோ பாஸ் பில்டர், ஹை பாஸ் பில்டர் என்று வருகிறது. ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி, ஒரு வரைபடம், பத்து மதிப்பெண். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்தப் பத்து மதிப்பெண் விஷயத்தை வைத்தே உலக இசையின் சத்தத்தை மாற்றிக் காட்டிய ஒரு இன்ஜினியரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

அவர் பெயர் ராபர்ட் மோக். ஸ்பெல்லிங்கைப் பார்த்துவிட்டுப் பலரும் மூக் என்கிறார்கள். அவரும் அவர் குடும்பத்தாரும் சொல்லும் உச்சரிப்பு மோக். மூக்குக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, காதுக்குத்தான் சம்பந்தம்!

பெரியவர்கள் வரலாறு என்றால் பிறந்தார், படித்தார், கண்டுபிடித்தார், மறைந்தார் என்று எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன். ஆனால் நடுவில் அவருடைய ஒரே ஒரு சர்க்யூட்டை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுப் போவோம். ஏனென்றால் அந்த சர்க்யூட்டுக்குள் சிக்னலை எவ்வளவு விடலாம் என்ற கேள்வி சின்னக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும், அவருடைய வேலை முழுவதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பியானோவும் பட்டறையும்

1934ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் மோக் பிறந்தார். வளர்ந்தது அதே நகரத்தின் குவீன்ஸ் பகுதியில். அப்பா ஜார்ஜ், கன்சாலிடேட்டட் எடிசன் என்ற மின்சாரக் கம்பெனியில் இன்ஜினியர். அம்மா ஷெர்லிக்கு மகனைப் பெரிய பியானோ கலைஞன் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. அதனால் சின்ன வயதிலிருந்தே பியானோ வகுப்பு, வீட்டில் தினமும் சாதகம். பையனுக்கோ மனசு முழுக்க அப்பாவின் பட்டறையில். வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பா ஒரு பட்டறை வைத்திருந்தார். சால்டரிங் அயர்ன், மரவேலைச் சாமான்கள், ரேடியோ பாகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பியானோவை விட்டு எழுந்ததும் பையன் நேரே அங்கே இறங்கிவிடுவான்.

அம்மாவின் ஆசை நிறைவேறவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பியானோ வகுப்பு வீண் போகவில்லை. இசைக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் காது அவருக்கு அங்கேதான் கிடைத்தது. சுருதி என்றால் என்ன, ஸ்தாயி என்றால் என்ன என்று தெரிந்த இன்ஜினியராக அவர் வளர்ந்தார்.

தொடாமல் வாசிக்கும் வாத்தியம்

தெரமின் என்று ஒரு கருவி. ரஷ்யாவைச் சேர்ந்த லெவ் தெர்மென் என்ற விஞ்ஞானி 1920 வாக்கில் உருவாக்கியது. கையால் தொடாமலே வாசிக்க வேண்டும்! ஒரு ஏரியலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் சுருதி ஏறும், தள்ளினால் இறங்கும். இன்னொரு கை சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். நம் கையே ஒரு மின்தேக்கியின் தகடு மாதிரி வேலை செய்கிறது. உள்ளே இரண்டு உயர் அதிர்வெண் ஆசிலேட்டர்கள். அவற்றின் வித்தியாசம்தான் நம் காதில் விழுகிறது.

1949இல், 14 வயதில், ஒரு பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து மோக் தானே ஒரு தெரமின் செய்தார். அது அப்படியே பிடித்துக்கொண்டது. பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். 1954இல், 19 வயதில், தெரமின் செய்வது எப்படி என்று தானே ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு அப்பாவோடு சேர்ந்து தெரமின் செய்து விற்க ஆரம்பித்தார். கம்பெனிக்குப் பெயர் ஆர். ஏ. மோக். நம் வயதுதான் நண்பர்களே, நம் வயது!

குவீன்ஸ் கல்லூரியில் இயற்பியல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் என்று 1957இல் இரண்டு பட்டங்கள். அதன் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வாங்க 1965 ஆகிவிட்டது, அதாவது எட்டு வருஷம். இடையில் தெரமின் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. 1961இல் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்து ஒரு தெரமின் கிட் வெளியிட்டார். விலை 49.95 டாலர். ஏறக்குறைய 1,000 கிட்டுகள் விற்றன. படிக்கும்போதே சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் மேலும் கற்றுக்கொண்டவர் அவர்.

ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

அந்தக் காலத்தில் மின்னணு இசை செய்வது பெரும்பாடு. ஆசிலேட்டரில் ஒரு சத்தம் வரவழைத்து டேப்பில் பதிவு செய்வார்கள். அடுத்த சத்தத்துக்கு டயலைத் திருப்பி மறுபடி பதிவு. பிறகு டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி ஒட்டிப் பாட்டாக்க வேண்டும். சில நிமிட இசைக்கு வாரக் கணக்கில் வேலை.

1963 இறுதியில் ராசெஸ்டர் நகரில் இசை ஆசிரியர்கள் கூடிய மாநாட்டில் மோக் தன் தெரமினைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் இசை ஆசிரியர் ஹெர்பர்ட் டாய்ச் அவரைச் சந்தித்தார். பேச்சு வளர்ந்தது. 1964 கோடை விடுமுறையில் டாய்ச், மோக் குடியிருந்த ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூருக்கே வந்துவிட்டார். ஒருவர் இசை அறிந்தவர், ஒருவர் சர்க்யூட் அறிந்தவர். இவர் கேட்பார், அவர் சால்டர் பண்ணுவார். ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது என்று கருவிக்குச் சொல்ல ஒரு சுவிட்ச் வேண்டியிருந்தது. டாய்ச் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு காலிங் பெல் பட்டன் வாங்கி வந்தார். வீட்டு வாசல் மணி பட்டனிலிருந்து பிறந்தது இந்தக் கருவி!

அதன் மூலக் கருத்து என்ன தெரியுமா? டயலைக் கையால் திருப்புவதற்குப் பதில் மின்னழுத்தமே திருப்ப வேண்டும். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். ஸ்தாயி ஏறுவது என்றால் அதிர்வெண் இரண்டு மடங்காவது. 100, 200, 400, 800 என்று பெருக்கிப் பெருக்கிப் போக வேண்டும். ஆனால் வோல்ட்டோ 1, 2, 3, 4 என்று கூட்டிக் கூட்டித்தான் போகிறது. கூட்டலைப் பெருக்கலாக மாற்ற யாரால் முடியும்?

டிரான்சிஸ்டரால் முடியும். அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சுமார் 18 மில்லிவோல்ட் கூட்டினால் கலெக்டர் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். இன்னொரு 18 கூட்டினால் நான்கு மடங்கு. நாம் எக்ஸ்பொனென்ஷியல் என்று மனப்பாடம் செய்யும் அதே வளைகோடுதான்! ஒரு வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாக இறக்கி டிரான்சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டால் ஸ்தாயி தானாக வந்துவிடும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் விலை இறங்கிய நேரமும் அதுதான். சந்தர்ப்பமும் அறிவும் கைகோர்த்தன.

1964 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஆடியோ பொறியாளர் சங்கக் கூட்டத்தில் மோக் தன் கருவியை வைத்தார். ஆர்டர்களும் வர ஆரம்பித்தன. நடன அமைப்பாளர் ஆல்வின் நிக்கோலை முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். எல்லாம் தனித்தனிப் பெட்டி. ஆசிலேட்டர் ஒன்று, மிக்சர் ஒன்று, பில்டர் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று. வேண்டியபடி ஒயர் செருகி இணைத்துக்கொள்ளலாம். இதைத்தான் மாடுலர் சிந்தசைசர் என்கிறோம்.

இவை எல்லாம் மோக் ஒருவர் மூளையில் மட்டும் உதித்தவை என்று எழுதினால் அது நியாயம் ஆகாது. ஹாரால்ட் போடே என்ற ஜெர்மானியர் டிரான்சிஸ்டர் கருவிகளைத் தனித்தனிப் பெட்டியாகச் செய்வது பற்றி 1961இலேயே எழுதியிருந்தார். அதே 1960களில் கலிபோர்னியாவில் டான் பூக்லா என்பவர் மோக்கோடு சம்பந்தம் இல்லாமலே இப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். ஒரு சுரம் எப்படி எழுந்து, தணிந்து, நின்று, அடங்க வேண்டும் என்று நான்கு படியாகக் கேட்டு வாங்கியவர் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி. மின்னழுத்தத்தால் இயங்கும் பில்டர் வேண்டும் என்று யோசனை சொன்னவர் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் குஸ்தவ் சியாமாகா. மோக்கின் பெருமை எங்கே இருக்கிறது என்றால், கேட்டவர்கள் சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்டார்.

ஏணி வடிப்பான்

இனி சொன்னபடி சர்க்யூட்டுக்கு வருவோம். 1966 அக்டோபரில் பேடன்ட்டுக்கு விண்ணப்பித்து 1969 அக்டோபரில் பெற்ற பில்டர் இது. படத்தில் பார்த்தால் ஏணி மாதிரியே இருக்கும். அதனால் லேடர் பில்டர் என்று பெயர். தமிழில் ஏணி வடிப்பான் என்று சொல்லலாமே!

அடியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். நாம் படித்த டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர்தான். சிக்னல் அங்கேதான் நுழைகிறது. அதற்கு மேல் ஜோடி ஜோடியாக நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள், அவற்றின் எமிட்டர்களுக்கு நடுவே ஒரு மின்தேக்கி. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் மேல் அதிர்வெண்களைக் குறைக்கும். நான்கு படிக்கு 24 டெசிபல்.

மின்தேக்கி இருக்கிறது, மின்தடை எங்கே? அதுதான் மோக்கின் கெட்டிக்காரத்தனம். டிரான்சிஸ்டரின் எமிட்டரே மின்தடையாக வேலை செய்கிறது. சாதாரண அறை வெப்பத்தில் 26 மில்லிவோல்ட்டை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் அந்தத் தடை வரும். 0.1 மில்லி ஆம்பியர் ஓடினால் 260 ஓம். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் 130 ஓம். தடை பாதியானால் பில்டரின் கட் ஆஃப் அதிர்வெண் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. மின்னோட்டத்தை மாற்றினால் பில்டரே நகர்கிறது! கையால் தொட வேண்டியதே இல்லை.

எவ்வளவு விடலாம்?

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. அந்த 26 மில்லிவோல்ட் கணக்கு சின்ன சிக்னலுக்கு மட்டும்தான் செல்லும். ஆசிலேட்டரில் இருந்து வரும் சிக்னலோ வோல்ட் கணக்கில் இருக்கும். அதை அப்படியே ஏணியில் ஏற்றினால் என்ன ஆகும்? அலையின் தலை தட்டையாகிவிடும். சைன் அலை கொஞ்சம் கொஞ்சமாகச் சதுர அலை மாதிரி ஆகும். இல்லாத மேல் சுரங்கள் எல்லாம் புதிதாக முளைக்கும். இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். அதனால் பில்டருக்குள் போகும் முன் மின்தடைகளை வைத்து சிக்னலை நூறில் ஒரு பங்கு மாதிரி இறக்குகிறார்கள். வெளியே வந்த பிறகு மறுபடி பெருக்குகிறார்கள்.

சரி, ரொம்ப இறக்கிவிட்டால் வம்பே இல்லையே என்று தோன்றும். அதுவும் கூடாது. டிரான்சிஸ்டருக்கென்று உஸ் என்று ஒரு இரைச்சல் உண்டு. சிக்னலை அதற்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, பிறகு நூறு மடங்கு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே நூறு மடங்காகும். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். சாம்பாருக்கு உப்பு மாதிரி!

கவனித்தீர்களா? ஸ்தாயியைத் தந்ததும் டிரான்சிஸ்டரின் அந்த வளைகோடுதான், சிக்னலைக் கெடுப்பதும் அதே வளைகோடுதான். ஒரே குணம் ஒரு இடத்தில் வரம், ஒரு இடத்தில் தொல்லை. எவ்வளவு விடுகிறோம் என்பதுதான் எது என்று முடிவு செய்கிறது.

எங்கள் மினி பிராஜக்ட்டாக இந்த ஏணியை பிரெட் போர்டில் போட்டோம். பிசி 547 டிரான்சிஸ்டர் பதினொன்று. அடியில் இரண்டு, படிகளுக்கு எட்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒன்று. ஒவ்வொன்றும் சில ரூபாய்தான். பங்ஷன் ஜெனரேட்டரில் இருந்து 20 மில்லிவோல்ட் சைன் அலை கொடுத்தபோது சி.ஆர்.ஓ. திரையில் புத்தகத்துப் படம் மாதிரி அலை நின்றது. 60 மில்லிவோல்ட்டில் தோள் கொஞ்சம் உருண்டது. 200இல் தலை சப்பை. அலை உருண்டுகொண்டு வரும் அந்த நடுப்பகுதியில் ஸ்பீக்கரை வைத்துக் கேட்டோம். ரேடியோ வால்யூமை அதிகம் வைத்தால் கரகர என்று கிழியுமே, அப்படி இல்லை. சத்தம் தடித்து, கனத்து வந்தது. திடீரென்று வெட்டாமல் வளைந்து கொடுத்துத் தட்டையாகிறது அல்லவா, அதனால்தான்.

மாடுலர் கருவி வைத்திருப்பவர்கள் லெவலை எப்படி வைக்கிறார்கள் என்று இப்போது புரியும். முதலில் பில்டரை முழுக்கத் திறந்து, ரெசொனன்ஸைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஒரே ஒரு ஆசிலேட்டரை மெதுவாக ஏற்றி, தலை உருள ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் எல்லைக்கோடு. இரண்டாவது, மூன்றாவது ஆசிலேட்டரைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் குறைக்க வேண்டும். ஐந்து வோல்ட் உச்சி உள்ள மூன்று அலைகள் ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்தால் பதினைந்து வோல்ட் ஆகிவிடுமே!

ரெசொனன்ஸ் இன்னொரு வேடிக்கை. வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவதுதான் ரெசொனன்ஸ். கட் ஆஃப் அதிர்வெண்ணில் ஒவ்வொரு படியும் 45 டிகிரி பிந்துகிறது, நான்கு படிக்கு 180. அளவும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே நான்கு மடங்காக்கித் திருப்பி விட்டால் பில்டர் தானாகவே பாட ஆரம்பிக்கும்! ஆனால் அதே நேரத்தில் கீழ்ச் சுரங்களின் அளவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும், சுமார் 14 டெசிபல் நஷ்டம். பாஸ் போய்விட்டதே என்று உள்ளே விடும் சிக்னலை ஏற்றினால் டிஸ்டார்ஷன் கூடும், ரெசொனன்ஸும் மழுங்கும். சுத்தமான சத்தம் வேண்டுமென்றால் பில்டருக்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும். கனமான சத்தம் வேண்டுமென்றால் முன்னாலேயே ஏற்றலாம். எந்த இடத்தில் ஏற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

புகழும் கடனும்

1968இல் வெண்டி கார்லோஸ் என்ற கலைஞர் மோக் கருவியில் ஜெர்மன் இசை மேதை பாக்கின் இசையை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து ஸ்விட்ச்டு ஆன் பாக் என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அது விற்பனையில் சக்கைப்போடு போட்டது. மூன்று கிராமி விருதுகள் வாங்கியது. ஆராய்ச்சிக்கூடத்துச் சாமான் என்று நினைத்தவர்கள் எல்லாம் இது இசைக்கருவிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். கருவியில் என்ன குறை, என்ன வேண்டும் என்று கார்லோஸ் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார், மோக் திருத்திக்கொண்டே இருந்தார். 1969இல் பீட்டில்ஸ் குழுவின் அபி ரோடு இசைத்தட்டிலும் மோக் ஒலித்தது. கீத் எமர்சன் அலமாரி மாதிரி பெரிய மாடுலர் கருவியை மேடைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

இவ்வளவு புகழ் வந்தால் பணமும் கொட்டியிருக்கும் என்றுதான் நினைப்போம். கொட்டவில்லை! அந்த இசைத்தட்டைக் கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. ஆட்களைச் சேர்த்தார், சாமான் வாங்கினார். கொஞ்ச நாளில் ஆர்டர் வற்றியது, கடன் நின்றது. சர்க்யூட்டுக்குள் எவ்வளவு விடலாம் என்று மில்லிவோல்ட் வரை அறிந்தவருக்கு வியாபாரத்தில் அந்த அளவு பிடிபடவில்லை. 1971இல் கம்பெனி பில் வேடெனா என்ற முதலாளியின் கைக்குப் போனது. ட்ரூமன்ஸ்பர்க்கில் இருந்து பஃபலோ நகரம் பக்கம் இடம் மாறியது. 1973இல் நார்லின் என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. தன் பெயர் போட்ட கம்பெனியிலேயே மோக் சம்பளக்காரர் ஆனார்.

மினிமோக்

இந்தக் கஷ்ட காலத்தில் பிறந்ததுதான் அவர் பெயரை இன்றுவரை சொல்லும் மினிமோக். பில் ஹெம்சத் என்ற இன்ஜினியர் முதல் மாதிரியைச் செய்தார். 1970இல் விற்பனைக்கு வந்த மாடல் டி கருவியில் ஒயர் செருகும் வேலையே இல்லை. மூன்று ஆசிலேட்டர், மிக்சர், ஏணி வடிப்பான், கீபோர்டு எல்லாம் ஒரே பெட்டி. விலை 1,495 டாலர். டேவிட் வான் கோவெரிங் என்பவர் கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். 1981 வரை 12,000க்கும் மேல் விற்றது.

அதன் சத்தத்துக்கு என்ன ரகசியம் என்று பல பேர் பல காரணம் சொல்வார்கள். முக்கியமான காரணம் லெவல்தான். மினிமோக்கின் மிக்சரில் மூன்று ஆசிலேட்டரையும் நன்றாக ஏற்றினால் பில்டரின் எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் சிக்னல் உள்ளே போகும். தோள் உருளும், சத்தம் கனக்கும். வாசிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கருவியின் வெளியீட்டை ஒரு ஒயரால் அதே கருவியின் வெளிச் சிக்னல் உள்ளீட்டிலேயே செருகி, அந்த வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். சத்தம் உறுமியது! சிக்னல் அதிகமானால் எச்சரிக்க அந்த உள்ளீட்டின் பக்கத்தில் ஓவர்லோடு விளக்கு ஒன்றை வைத்திருந்தார்கள். வாசிப்பவர்களோ விளக்கு எரிந்தால்தான் சந்தோஷப்பட்டார்கள்.

பெயரை இழந்தவர், பெயரை மீட்டவர்

1977இல் மோக் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வட கரோலினா மாநிலத்தின் மலைப்பக்கம் ஆஷ்வில் அருகே குடியேறி பிக் பிரையர் என்ற சிறு கம்பெனி தொடங்கினார். தன் பெயரைத் தன் கருவியில் போட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கே இல்லை. பெயர் கம்பெனியோடு போய்விட்டது. எவ்வளவு பெரிய கொடுமை பாருங்கள்! ஆனால் அவர் உட்கார்ந்து அழவில்லை. 14 வயதில் ஆரம்பித்த அதே தெரமினை மறுபடி செய்தார். 1980களில் சில ஆண்டுகள் கர்ஸ்வைல் கம்பெனியில் வேலை பார்த்தார். பழைய மோக் கம்பெனியோ டிஜிட்டல் கருவிகள் வந்த 1980களில் மூடப்பட்டது.

1998இல் அவர் மூகர்ஃபூகர் என்ற பெயரில் சில பெட்டிகளை வெளியிட்டார். கிட்டார் வாசிப்பவர் காலால் மிதிக்கும் பெடல் அளவு. முதல் பெட்டியே ஏணி வடிப்பான்தான். அதன் முகப்பில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று டிரைவ், உள்ளே எவ்வளவு விடுவது என்பதற்கு. இன்னொன்று அவுட்புட், வெளியே எவ்வளவு எடுப்பது என்பதற்கு. 1970இல் மிக்சர் குமிழ்களுக்குள் மறைந்துகிடந்த விஷயத்தை 28 ஆண்டுகள் கழித்து வாசிப்பவர் கையிலேயே தனிக் குமிழாகக் கொடுத்துவிட்டார். எனக்கு அவருடைய வேலைகளில் ரொம்பப் பிடித்தது இதுதான். இன்ஜினியர் மட்டும் அறிந்த ஒன்றை எல்லோரும் திருகிப் பார்க்கும்படி செய்தார்.

2001இல் ஸ்வீடன் நாட்டின் போலார் இசைப் பரிசு வந்தது. 2002இல் தன் பெயரைச் சட்டப்படி திரும்பப் பெற்றார். அதே ஆண்டு மினிமோக் வாயேஜர் என்ற புதுக் கருவி, சொந்தப் பெயரோடு! நீண்ட நாள் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 2005 ஏப்ரலில் மூளையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆகஸ்ட் 21ஆம் நாள் ஆஷ்வில் நகரத்தில் தன் 71ஆவது வயதில் காலமானார். 2019இல் அதே ஊரில் அவர் நினைவாக ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் சின்ன அளவு மாடுலர் பெட்டிகளை அறிமுகம் செய்த பிறகு, உலகம் முழுவதும் பல சிறு கம்பெனிகள் மாடுலர் பெட்டிகள் செய்கின்றன. ஏணி வடிப்பான் இல்லாத கடையே இல்லை என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் முதல் வேலை லெவல் வைப்பதுதான்.

நமக்கு என்ன?

இவரைப் பற்றிப் படித்தபோது ஒன்று என் மனதில் உறுத்தியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மோக்குக்கு அப்பா இன்ஜினியர். வீட்டிலேயே பட்டறை. எங்க வீட்ல கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததே இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான். என்னைப் போல் பாதிப்பேர் இங்கே இருக்கிறீர்கள். உழைத்தால் யாரும் மோக் ஆகலாம் என்று சும்மா எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

ஆனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கூர்ந்து பார்த்தால், அது பெரிய பணமோ பெரிய பங்களாவோ இல்லை. ஒரு மேஜை, கொஞ்சம் சாமான், யாரும் மணி அடித்து வெளியே போகச் சொல்லாத நேரம். இந்த மூன்றும்தான். மேஜையும் சாமானும் நம் லேபில் இருக்கின்றன. அவர் 1966இல் போட்ட சர்க்யூட்டை நாங்கள் சில ரூபாய் டிரான்சிஸ்டரில் போட்டுக் காட்டிவிட்டோம். இல்லாதது நேரம் ஒன்றுதான். லேப் வகுப்பு மூன்று மணி நேரம். சர்க்யூட் போட்டு, ரீடிங் எடுத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது. 20 மில்லிவோல்ட்டில் சரியான ரீடிங் வந்தால் போதும், மார்க் கிடைக்கும். 60இல் என்ன ஆகும், 200இல் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க நேரம் இல்லை. மோக் கற்றது எல்லாம் அந்தக் கேட்டுப் பார்த்த நேரத்தில்தான்.

ஆகவே மாணவர் பேரவைக்கும், மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், எங்கள் துறைத் தலைவர் அவர்களுக்கும் இந்த மலரின் வாயிலாகப் பணிவோடு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு நாள், வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம், மின்னணுவியல் லேபைத் திறந்து வைக்க அனுமதி தாருங்கள். பொறுப்புக்கு இறுதியாண்டு மாணவர்கள் முறை வைத்து இருந்துகொள்கிறோம். கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. உடைந்த சாமானுக்குக் கணக்கும் எழுதி வைக்கிறோம்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, எங்கள் ஏணி வடிப்பான் போர்டைக் கலைக்காமல் துறை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறோம். உள்ளே விடும் சிக்னலுக்கு ஒரு குமிழ், வெளியே வருவதற்கு ஒரு குமிழ் போட்டிருக்கிறோம். திருகிப் பாருங்கள். தலை எங்கே உருள்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

வளர்க மின்னணுவியல்! வாழ்க ராபர்ட் மோக் புகழ்!